ஆள் வந்த பிறகு: கடைமடை வட்டாரம் ஒன்றின் பொதுச் சுகாதாரப் பணியமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்பகுதியில், வெண்ணாற்றின் கிளைகள் கடலில் கலக்கும் கடைமடையில் உள்ள ஒரு துணை சுகாதார நிலையத்தையும் அதன் மேலுள்ள வட்டார அமைப்பையும் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. ஊரின் பெயரும் பணியாளர்களின் அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. காலிப் பணியிடங்களால் சேவை நின்றுபோவது பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இங்கே பார்ப்பது அதற்கு அடுத்த கட்டத்தை. இந்த நிலையத்தில் பணியிடங்கள் நிரப்பப்பட்டன. முன்பு இல்லாத பணிப்பிரிவுகளும் வந்து சேர்ந்தன. அதன் பிறகும் ஒரு கர்ப்பிணியின் ரத்த அழுத்தம் மூன்று பேருடைய பதிவேடுகளில் ஏறியிருந்தும் அந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லாமல் போயிற்று.

அளவுகோலும் நிலமும்

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம் என்பது நாடு முழுவதற்குமான அளவுகோல். மலைப்பகுதிகளுக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும் துணை சுகாதார நிலையத்துக்கான மக்கள்தொகை 3,000 எனத் தளர்த்தப்பட்டிருக்கிறது. டெல்டா சமவெளிதான், வரைபடத்தில் இதைவிடச் சமமான நிலம் தமிழ்நாட்டில் அரிது. ஆனால் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு என்று ஆறுகளும் அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் வடிகால்களும் ஊரைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்வதால், அக்கரையில் கூப்பிடு தூரத்தில் தெரியும் குடியிருப்புக்குப் போகப் பாலம் உள்ள இடம் வரை சுற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கரைச் சாலையில் இருசக்கர வாகனத்தை உருட்டிக்கொண்டுதான் போக முடியும். ஆய்வுக்குரிய துணை நிலையத்தின் எல்லையில் இப்படி ஆற்றுக்கு அப்பால் ஒரு குடியிருப்பும், உப்பளத்தை ஒட்டி இன்னொன்றும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கில் இவை தனி நிலையத்துக்குத் தகுதி பெறுவதில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இங்கே பெண்களில் பெரும்பகுதியினர் விவசாயக் கூலிகள். நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களில் காலை 7 மணிக்கு மேல் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் குழந்தைகளுமே. அலுவலக நேரத்தில் வீடுவீடாகப் போகிறவர் யாரைப் பார்ப்பார், யாரைப் பார்க்கமாட்டார் என்பது பயிரின் பருவத்தைப் பொறுத்தது.

ஒருவர் இருந்த இடத்தில் நால்வர்

நீண்ட காலம் இந்த நிலையம் என்றால் அது கிராம சுகாதார செவிலியர் ஒருவர்தான். ஊரார் அவரை ‘நர்சம்மா’ என்றே அழைக்கிறார்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, புதன்கிழமை தடுப்பூசி, குடும்பநல அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை, பிறப்பு இறப்புக் கணக்கு என்று எல்லாம் அவர் தலையில். கர்ப்பிணிகளையும் பிறக்கும் குழந்தைகளையும் தொடர்ந்து கணக்கில் வைக்கும் மாநிலத்தின் பிக்மி இணையப் பதிவு வந்த பிறகு வேலை இரட்டிப்பானது. அந்தப் பதிவில் கிடைக்கும் எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் அந்தப் பதிவைத் தொட்டே வருகிறது. ஆகவே ஊரில் ஒரு கர்ப்பிணிகூடப் பதிவில்லாமல் தப்புவதில்லை. இது சின்ன சாதனை அல்ல. மாநிலத்தில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடப்பதற்கும், பேறுகால இறப்பு விகிதம் 2001-03இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 ஆக இருந்து 2018-20இல் 54 ஆகக் குறைந்ததற்கும் அடியில் நிற்பது இந்த வீட்டுவாசல் பதிவுதான்.

2018இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் துணை நிலையங்களை நலவாழ்வு மையங்களாக உயர்த்தும் முடிவு வந்தது. தமிழ்நாடு 2021 இறுதியில் 4,848 இடைநிலை சுகாதாரப் பணியாளர்களையும் 2,448 ஆண் சுகாதாரப் பணியாளர்களையும், அதாவது இரண்டாம் நிலை சுகாதார ஆய்வாளர்களையும், ஒப்பந்த அடிப்படையில் எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. முன்னவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 18,000 ரூபாய், பின்னவர்களுக்கு 14,000 ரூபாய். அதே 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக, மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வந்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. இப்படி, ஒருவர் இருந்த நிலையத்தில் இப்போது செவிலியர் பட்டயமோ பட்டமோ பெற்ற இடைநிலைப் பணியாளர் ஒருவர், பாதி நேரம் வீடுகளுக்குச் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் கொண்டுபோகும் உள்ளூர்ப் பெண் ஒருவர், காய்ச்சலும் கொசுவும் குடிநீர்க் குளோரினும் பார்க்கும் ஆய்வாளர் ஒருவர் என நால்வர் ஆனார்கள்.

மருந்து வழங்கலை இந்தக் கதையில் குற்றம் சொல்ல இடமில்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் முறை ஏற்படுத்திய ஒழுங்கினால், மாத்திரைகள் கடைமடை வரைக்கும் தட்டுப்பாடின்றி வந்துவிடுகின்றன. மருத்துவர்களைப் பொறுத்தவரையும் முன்பிருந்த நிலை மாறிவிட்டது. ஒரு காலத்தில் டெல்டா முழுவதற்கும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஒன்றே இருந்தது. 2010இல் திருவாரூரிலும் 2022இல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

மூன்று பதிவேடுகள்

அந்தப் பெண்ணுக்கு வயது 31, இரண்டாவது கர்ப்பம், ஏழாம் மாதம். முதல் மூன்று மாதங்களுக்குள் பதிவு செய்தபோது ரத்த அழுத்தம் 104/66. சம்பா நடவு மும்முரமாக இருந்ததால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு அவர் ஒரு முறை வரவில்லை. அடுத்த புதன்கிழமை மூத்த குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவரைக் கிராம சுகாதார செவிலியர் விடாமல் உட்கார வைத்து அளந்தார்: 130/84. எழுதிக்கொண்டார். சில நாட்கள் கழித்து, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்த தன்னார்வலரிடம், “அக்கா, எனக்கும் ஒருதரம் பாருங்க, தலை கனமா இருக்கு” என்று அவரே கேட்டிருக்கிறார். அளவு 142/92. தன்னார்வலர் தம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தார். அவருடைய அறிக்கைப் படிவம் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கானது, கர்ப்பிணிக்கு அதில் இடமில்லை. அந்த வாரக் கடைசியில் இடுப்புவலி என்று துணை நிலையத்துக்கு வந்தபோது இடைநிலைப் பணியாளர் பார்த்த அளவு 138/90. ஓய்வெடுக்கச் சொல்லி, புறநோயாளிப் பதிவேட்டில் ஏற்றினார். அன்று நர்சம்மா கூடுதல் பொறுப்பாக இருந்த பக்கத்து நிலையத்துக்குப் போயிருந்தார்.

தனித்தனியே பார்த்தால் இந்த மூன்றில் ஒன்று எல்லைக்கு உட்பட்டது, இன்னொன்று கீழ் அளவில் மட்டும் எல்லையைத் தொட்டு நின்றது. கர்ப்ப காலத்தில் 140/90 என்பதே எச்சரிக்கைக் கோடு. அதையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டாம் முறை அளந்து உறுதி செய்ய வேண்டும். ஆனால் 104இல் தொடங்கியது 130, 142, 138 என்று ஏறிய வரிசையை ஒரே தாளில் பார்க்கும் எந்தச் செவிலியரும் மறுநாளே அந்தப் பெண்ணை அனுப்பியிருப்பார். அந்தத் தாள் எங்கும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவரே பரிசோதனைக்கு வந்தபோது 150/100, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம்; இரண்டும் சேர்ந்தால் ஆபத்தின் அறிகுறி. மருத்துவ அலுவலர் உடனே 108 வண்டியில் மேல்சிகிச்சைக்கு அனுப்பினார். தாயும் சேயும் நலம் என்பதால் இது எந்த இறப்புத் தணிக்கையிலும் வரவில்லை. நான் இதை எடுத்து எழுதுவதற்கு அதுவே காரணம். தணிக்கைக்கு வராத நிகழ்வுகளில்தான் அமைப்பின் இயல்பான நடப்பு தெரிகிறது.

யார் யாருக்குக் கணக்குச் சொல்வது

வட்டார ஆய்வில் முதலில் எழுந்த கேள்வி, நால்வரில் யார் தவறியது என்பது. அது பயனற்ற கேள்வி. நால்வரும் அவரவர்க்குச் சொல்லப்பட்ட வேலையைச் செய்திருந்தார்கள். கிராம சுகாதார செவிலியர் பகுதி சுகாதார செவிலியருக்கும் அவர் வழியாக வட்டாரத்தின் சமுதாய சுகாதார செவிலியருக்கும் கணக்குச் சொல்கிறார். இடைநிலைப் பணியாளர் நேரே மருத்துவ அலுவலருக்குக் கீழ். சுகாதார ஆய்வாளருக்கு மேல் வட்டார சுகாதார மேற்பார்வையாளர். தன்னார்வலரைத் தேர்ந்தெடுத்தது மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ஏற்பாடு. அவருக்கு வேறோர் ஒருங்கிணைப்பாளர். ஒரே கூரையின்கீழ் உட்காரும் நால்வருக்கு நான்கு மேலிடங்கள், நான்கு படிவங்கள், நான்கு மாதக்கூட்டங்கள்.

இந்த நான்கு கோடுகளும் களத்தில் சந்திக்கக்கூடிய ஒரே இருக்கை பகுதி சுகாதார செவிலியருடையது. சில துணை நிலையங்களுக்கு ஒருவராக, வாரந்தோறும் ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ப் பதிவேட்டைப் புரட்டி, பத்து வீடுகளில் ஏறி இறங்கிச் சரிபார்ப்பவர் அவர். நேரடி நியமனம் அந்த இடத்துக்குக் கிடையாது. கிராம சுகாதார செவிலியர்கள் பணிமூப்பின்படி ஆறு மாதப் பதவி உயர்வுப் பயிற்சி முடித்து அங்கே வர வேண்டும். பணிமூப்புப் பட்டியலில் ஒரு தகராறு எழுந்தாலோ, பயிற்சிக்கு அந்த ஆண்டு ஆள் அனுப்பப்படாவிட்டாலோ, ஓய்வு பெறுகிறவரின் நாற்காலி அப்படியே காலியாகக் கிடக்கும். நம்முடைய வட்டாரத்தில் நடந்தது அதுதான். கீழே மூன்று புதிய ஆட்கள் வந்த அதே காலத்தில் நடுவில் இருந்த ஒருவர் ஓய்வு பெற்றுப் போனார். புது நியமனங்கள் செய்தித்தாளில் வந்தன. இந்தக் காலியிடம் யாருடைய கவனத்துக்கும் வரவில்லை.

என் கருத்தில், விரிவாக்கத் திட்டங்களின் பெரிய ஓட்டை இதுவே. கடைநிலை ஊழியர் எண்ணிக்கையை அறிவிப்பது எளிது, நிதியும் எளிதில் கிடைக்கிறது. தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்த நிதி அதற்கென்றே வருகிறது. மேற்பார்வை இருக்கை காலமுறை ஊதியத்தில் உள்ள நிரந்தரப் பதவி என்பதால் மாநிலத்தின் சொந்தப் பணத்தையும் பணி விதிகளையும் தொட்டே நிரப்ப வேண்டும். ஆகவே அடியில் ஆட்கள் பெருக, நடுவில் காலியிடம் நீள்கிறது.

வார்டில் படித்தவரும் வரப்பில் படித்தவரும்

பயிற்சியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இடைநிலைப் பணியாளருக்குச் சமுதாய நலவாழ்வில் ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியோ, அந்தப் பாடத்தை உள்ளடக்கிய செவிலியர் படிப்போ வேண்டும் என்பது தேசிய வரையறை. படிப்பில் குறையில்லை. ஆனால் அவர் கை பழகியது மருத்துவமனை வார்டில். நோயாளி கட்டிலில் இருப்பார், செவிலியர் அவரிடம் போவார். களத்தில் நோயாளி எந்த வயலில் இருக்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் படித்தது இரண்டாண்டு துணைச் செவிலியர் படிப்பு. சான்றிதழில் இளையவர், அனுபவத்தில் மூத்தவர், ஊதியத்திலும் மேலே. ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதை எந்த அரசாணையும் தெளிவாகச் சொல்லாத நிலையில், தொடக்க மாதங்களில் இருவரும் மரியாதையாக ஒருவரை ஒருவர் தவிர்த்தார்கள் என்பதே உண்மை.

உறைந்த பனி உடைந்தது ஒரு புதன்கிழமை காலையில், நிஜமான பனிக்கட்டியால்தான். தடுப்பூசிப் பெட்டிக்குள் வைக்கும் நான்கு ஐஸ்பேக்குகளை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு அடுக்கப் போன இளைய செவிலியரை நர்சம்மா நிறுத்தினார். “இரும்மா, காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாரு. தண்ணி சத்தம் கேக்குதா? கேக்கலைன்னா இன்னும் வெளியவே கெடக்கட்டும்.” கெட்டியாக உறைந்த ஐஸ்பேக்கைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் போன்ற ஊசி மருந்துகள் உறைந்து வீணாகும், பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது, ஊசியும் போடப்பட்டுவிடும், பாதுகாப்பு மட்டும் கிடைக்காது. தடுப்பூசி இருக்க வேண்டிய குளிர் 2 முதல் 8 டிகிரி வரை என்று வகுப்பில் படித்தது, பனி லேசாக உருகித் தண்ணீர் அசையும் சத்தமாகக் கையில் வந்தது அன்றைக்கு. பதிலுக்கு, ரத்த அழுத்தத்தை முழங்கை மடிப்பு நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி, ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகே எடுக்க வேண்டும் என்பதை இளையவர் சொல்லிக்கொடுத்தார். அவசரத்தில் நின்றபடியே அளந்து பழகிய மூத்தவருக்கு அது உறுத்தியது, ஏற்றுக்கொண்டார்.

இந்தத் தோளோடு தோள் பயிற்சி டெல்டாவுக்குப் புதிதல்ல. யானைக்கால் நோய்க்குப் பேர்போன கும்பகோணத்தில் நோய்க் கிருமி இரவில்தான் விரல்நுனி ரத்தத்தில் தென்படும் என்பதால், இரவு 8 மணிக்கு மேல் தெருத்தெருவாகப் போய்த் தூங்குகிறவர்களை எழுப்பி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. எந்த வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது, கோபப்படும் பெரியவரிடம் என்ன சொல்வது என்பதைப் பழைய பணியாளரோடு நடந்தே புதியவர் கற்றார். பூந்தமல்லியிலும் காந்திகிராமத்திலும் உள்ள பயிற்சி நிறுவனங்கள் சுகாதார ஆய்வாளர்களுக்குத் தரும் அடித்தளம் வலுவானதுதான். அதன் மேல் இந்த நடைப்பயிற்சி ஏறினால்தான் ஆய்வாளர் முழுமையாகிறார்.

ஒரே மேசை

நிகழ்வுக்குப் பிறகு வட்டார மருத்துவ அலுவலர் எடுத்த நடவடிக்கை மிக எளிமையானது. பணிமூப்பில் அடுத்து இருந்த கிராம சுகாதார செவிலியரைப் பகுதிப் பொறுப்பில் அமர்த்தினார். வெள்ளிக்கிழமை பிற்பகலில் துணை நிலையத்தில் நால்வரும் பதிவேடுகளோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் பட்டியல், சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் பட்டியல், அந்த வாரக் காய்ச்சல் பட்டியல் மூன்றையும் வீட்டு வரிசைப்படி ஒப்பிட வேண்டும். ரத்த அழுத்தத்தை அளந்தவர் எவராயினும், தன்னார்வலர் உட்பட, அதைக் கர்ப்பிணியின் கையிலுள்ள தாய் சேய் நல அட்டையில் நாளோடு எழுத வேண்டும். 140/90ஐத் தொட்டால் அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும். புதிய செயலி எதுவும் கேட்கப்படவில்லை. இருக்கிற செயலிகளே போதும் போதும் என்றாகியிருந்தது.

பலன் முதலில் தெரிந்தது கர்ப்பிணிகளிடம் அல்ல, ஆற்றுக்கு அப்பாலுள்ள குடியிருப்பில். அங்கே வசிப்பவர் தன்னார்வலர் என்பதால் காலை 6 மணிக்கே, பெண்கள் நடவுக்குக் கிளம்புமுன், அவரால் வீடுகளில் நுழைய முடிந்தது. யாருக்குக் காய்ச்சல், யார் ஊருக்கு வந்த மகள், யார் திருப்பூரிலிருந்து கர்ப்பத்தோடு திரும்பியவர் என்ற செய்தி வெள்ளிக்கிழமை மேசைக்கு வந்தது. திருப்பூரில் பதிவாகி இங்கே பிரசவத்துக்கு வரும் பெண்கள்தாம் அதுவரை இரண்டு நிலையங்களின் கணக்குக்கும் நடுவில் நழுவிக்கொண்டிருந்தவர்கள்.

குறையும் உண்டு. பகுதிப் பொறுப்பு ஏற்ற மூத்த செவிலியரின் சொந்த நிலையம் பாதி நேரம் பூட்டிக் கிடந்தது. அங்கே ஒருவர் கூடுதல் பொறுப்பு. கிழிசலை ஒட்டப் பக்கத்துத் துணியிலிருந்து வெட்டியெடுத்த கதை. இதை வெற்றி மாதிரி என்று பிற வட்டாரங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது சரியாகாது என்றே நினைக்கிறேன். மாதிரி என்று பெயர் வைத்தால் நிரந்தர மேற்பார்வையாளர் வரமாட்டார்.

இழுபறிகள்

ஒப்பந்தப் பணி என்பது இன்னொரு கவலை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுக்க அறிவித்தபோது ஊதியம் 7,700 ரூபாய். காலமுறை ஊதியத்துக்காக அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. இதையெல்லாம் பார்த்த இளைய செவிலியர் ஒருவர் கடைமடையில் வீடெடுத்துத் தங்குவாரா, நாகப்பட்டினத்திலிருந்து பேருந்தில் வந்துபோவாரா என்பதை ஊகிக்கச் சிரமம் இல்லை. துணை நிலையத்தோடு சேர்ந்த குடியிருப்பு கஜா புயலுக்குப் பிறகு, அதாவது 2018 நவம்பர் 16க்குப் பிறகு, குடியிருக்கும் நிலையில் இல்லை. மாலை 5 மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவரிடம் காலை 6 மணி வீட்டுச் சந்திப்பை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

மருத்துவ அலுவலர் மட்டத்திலும் இதே ஓட்டம் இருக்கிறது. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இட ஒதுக்கீடு தரும் மாநிலத்தின் உரிமையை 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. கிராமத்துக்கு இளம் மருத்துவர்களை இழுப்பதில் இதைவிட வலுவான தூண்டுதல் வேறில்லை. அவர்கள் வருகிறார்கள், இடம் கிடைத்ததும் போகிறார்கள். வெள்ளிக்கிழமை மேசையைத் தொடங்கிய மருத்துவரும் ஒருநாள் போவார்.

மாற்றுப்பணி இன்னொன்று. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா; சுற்று வட்டார ஆய்வாளர்கள் குளோரினோடும் மருந்துத் தெளிப்பானோடும் அங்கே போய்விடுவார்கள். இந்தியாவிலேயே முதலாவதான 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென்றே தனி அதிகாரம் உண்டு. 2004 சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை நாகை மாவட்டம் இழந்தபோது பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவாமல் தடுத்ததும் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து குவிந்த இத்தகைய குழுக்களின் கைப்பழக்கம்தான். அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அனுப்பும் வட்டாரத்தில் அந்த நாட்களுக்கு யார் என்பதை மாற்றுப்பணி ஆணை எப்போதும் சொல்வதில்லை.

கும்பகோணத்தில் கடைசி மகாமகம் 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல். டெல்டா முழுவதிலிருந்தும் ஆய்வாளர்களும் செவிலியர்களும் வாரக்கணக்கில் அங்கே நிறுத்தப்படுவார்கள். பதவி உயர்வுப் பயிற்சிக்கு ஆறு மாதம் பிடிக்கும் என்பதால், பகுதி சுகாதார செவிலியர் காலியிடங்களுக்கான பணிமூப்புப் பட்டியல் 2027 தொடக்கத்திலேயே இறுதியாகி முதல் அணி பயிற்சிக்குப் போயாக வேண்டும். வட்டாரத்திலிருந்து மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்பப்பட்ட முன்மொழிவில் கேட்டிருப்பது இரண்டே: அந்தப் பயிற்சி இடங்கள், துணை நிலையக் குடியிருப்பைப் பழுதுபார்க்க நிதி. மேலும் ஆள் கேட்கவில்லை.